தாவியம்மா குடித்த சூப்

ஒத்தாவியா அம்மையார் இத்தாலியில் இறந்து நாற்பத்தோராம் நாள், ஆடி மாதத்து ஞாயிற்றுக்கிழமை, பொள்ளாச்சியிலிருந்து நாற்பது கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி வந்த பதினொன்றரை மணி பஸ்ஸில் சோலைக்கரை எஸ்டேட் ஸ்டாப்பில் வந்து இறங்கினார். அடக்கத்தன்று போட்டுவிட்ட அதே காப்பிப்பொடி நிறக் கம்பளிக் கோட்டும் அதே கறுப்பு ஷூவுமாக, கைத்தடியை ஊன்றி, தூறலில் ஒரு நிமிஷம் நின்று மூக்கை இரண்டு தரம் உறிஞ்சி, யாரிடமும் வழி கேட்காமல், தேயிலைக்கு நடுவே இறங்குகிற சிமெண்ட் படிகளில் ஒவ்வொன்றாகக் கால் வைத்து இறங்கி, மூன்றாம் லைனில் ஏழாவது வீட்டு வாசலில் வந்து நின்றார். அவரைக் கடைசியாகக் குளிப்பாட்டி, கண்ணை மூடி, அந்தக் கோட்டை மாட்டிவிட்டவள் அந்த வீட்டுக்குள்தான் அடுப்படியில் இருந்தாள்.

அவள் பேர் ஜெபமாலை. எஸ்டேட் இரண்டு வருஷம் மூடிக் கிடந்தபோது, மலையில் பாதி சனம் திருப்பூருக்கும் கோயம்புத்தூருக்கும் இறங்கிப் போன காலத்தில், ஒரு கன்னியாஸ்திரி காட்டிக் கொடுத்த வழியில் அவள் கடலையே தாண்டி, ஜெனோவா பட்டணத்துக்கு மேலே மலைச்சரிவில் தனியாக இருந்த ஒரு விதவையை வீட்டோடு இருந்து பார்த்துக்கொள்ளும் வேலைக்குப் போனாள். போகும்போது மகள் பிரின்சிக்குப் பத்து வயது. இரண்டு வருஷம் என்று சொல்லிப் போனது ஒன்பதாயிற்று. நடுவில் ஒரே ஒரு தரம் இருபது நாள் வந்திருந்தாள், அந்த இருபது நாளும் பிரின்சி பரீட்சை என்று சொல்லி சித்தப்பா வீட்டில் இருந்துவிட்டாள்.

அதற்கு ஒரு காரணம் இருந்தது. பிரின்சிக்குப் பதின்மூன்று வயதில் டெங்கு வந்து, பொள்ளாச்சி ஆஸ்பத்திரியில் பதினெட்டு நாள் கிடந்தாள். பிழைப்பாளோ மாட்டாளோ என்றிருந்த மூன்றாம் நாள், அம்மா டிக்கெட் போட்டுவிட்டாள், நாளை மறுநாள் இங்கே இருப்பாள் என்று அப்பா காதோரம் சொன்னார். நாளை மறுநாள் வந்தது, அம்மா வரவில்லை. கிளம்புகிற அன்று காலையில் கிழவிக்கு நெஞ்சுவலி வந்து விழுந்துவிட்டாள், விட்டுவிட்டு வர முடியவில்லை என்று போனில் சொன்னாள். பிரின்சி அதற்குப் பிறகு போனைக் கையில் வாங்குவதை விட்டுவிட்டாள். இப்போது பத்தொன்பது வயதில், டிப்ளமா முடித்துவிட்டு வேலை ஆர்டருக்குக் காத்துக்கொண்டு வீட்டில் இருக்கிறவள், அம்மா ஒரேயடியாகத் திரும்பி வந்து ஐந்து வாரமாகியும், டீச்சரிடம் பேசுகிற மாதிரி நீங்க வாங்க என்றுதான் பேசிக்கொண்டிருந்தாள். சண்டை ஒன்றும் கிடையாது. சண்டை போட்டிருந்தால் ஜெபமாலைக்கு அதில் கொஞ்சம் ஆறுதலாவது இருந்திருக்கும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சூப் வைக்கச் சொன்னது அவள் புருஷன் சூசை. எஸ்டேட் ஃபேக்டரியில் தூள் சலிக்கிற மெஷினில் நிற்பவர், மெஷின் சத்தத்திலேயே இருந்து பழகிப் பேச்சைக் குறைத்துக்கொண்டவர். ஒன்பது வருஷம் அங்கே என்னதான் சமைத்துப் போட்டாய், ஒரு நாள் வைத்துக் காட்டேன் என்று கேட்டிருந்தார். ஜெபமாலை விடிந்ததும் வால்பாறை பஜாருக்குப் போய், கபூர் பாய் கடையில் மாட்டுக் கால் கறியை எலும்போடு வாங்கி வந்து, பெரிய துண்டங்களாக அரிந்து, ஈரம் போகத் துணியில் ஒற்றி, எண்ணெய் காய்ந்ததும் நாலு நாலாகப் போட்டு, அடிப்பக்கம் நன்றாகச் சிவக்கும்வரை புரட்டாமல் பொறுத்திருந்து எடுத்து வைத்தாள். அதே சட்டியில் வெங்காயம், கேரட், செலரி கிடைக்காததால் அதற்குப் பதில் மல்லித்தண்டு எல்லாவற்றையும் பொடியாக அரிந்து போட்டு, அடியில் பிடித்திருந்த சிவப்பை மரக்கரண்டியால் சுரண்டிச் சுரண்டி வதக்கி, ஏழெட்டுத் தக்காளியைத் தோலுரித்துக் கையால் நசுக்கி விட்டு, கறியை மறுபடி சேர்த்துத் தண்ணீர் ஊற்றி, மேனேஜர் பங்களா வேலியிலிருந்து தோட்டக்காரர் ஒடித்துக் கொடுத்த ரோஸ்மேரிக் கொத்து ஒன்றையும், பெட்டியில் துணி சுற்றிக் கொண்டுவந்திருந்த காய்ந்த சீஸ் தோல் ஒன்றையும் போட்டு மூடினாள். மூன்று மணி நேரம் அது அடுப்பில் இருக்க வேண்டும், ஆனால் தளதளவென்று கொதிக்கக் கூடாது. சட்டி பேசக் கூடாது, முணுமுணுக்க வேண்டும் என்பது ஒத்தாவியா அம்மையார் வைத்திருந்த சட்டம். குக்கரில் வைத்தால் ஐந்து விசிலில் முடிந்துவிடும் என்று ஜெபமாலை ஒரு தரம் சொன்னதற்கு அவர் இரண்டு நாள் அவளோடு பேசவில்லை. கரண்டி பட்டதும் கறி நார் நாராகப் பிரிகிற பதம் வந்த பிறகு, கடைசிப் பத்து நிமிஷத்தில்தான் மக்ரோனி உள்ளே போக வேண்டும். அந்தப் பத்து நிமிஷத்துக்குள்தான் அம்மையார் வாசலில் வந்து நின்றது.

ஜெபமாலை திரும்பிப் பார்த்தாள். பழகிப்போன கை தானாகப் போய்க் கோட்டைக் கழற்றி, உதறி, ஆணியில் மாட்டி, பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு, கிண்ணத்தில் சூப்பை ஊற்றி முன்னால் வைத்தது. அதன் பிறகுதான் அவரைப் புதைத்துவிட்டு வந்தது அவளுக்கு ஞாபகம் வந்தது. அதற்குள் அவர் சாப்பிட ஆரம்பித்திருந்தார். சாப்பிட்டுக்கொண்டிருக்கிறவரைப் பார்த்து நீங்கள் செத்துவிட்டீர்களே என்று கேட்க அவளுக்கு நாக்கு எழவில்லை.

அம்மையார் நாலு வாய் சாப்பிட்டார். ஸ்பூனைக் கவிழ்த்து வைத்தார். "மாங்கா" என்றார்.

அடுத்த வீட்டுச் செங்கமலம் அப்போது வாசலில் நின்றிருந்தாள். அவள் மாட்டுக்கறி சாப்பிடாதவள், ஆனால் ஜெபமாலை வீட்டு அடுப்படியில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசாமல் அவளுக்கு ஞாயிறு கழியாது. வந்திருக்கிறவர் யார் என்று கேட்டு, விவரம் தெரிந்துகொண்டு, செத்தவர்களுக்கும் மசக்கை வருமோ என்னவோ, இவ்வளவு தூரம் வந்து வாய்விட்டுக் கேட்டுவிட்டாரே என்று, சாயங்காலத்துக்குள் நாலு மாங்காயை எங்கிருந்தோ பிடித்துக்கொண்டு வந்துவிட்டாள். மறுநாள் இரண்டாம் லைனிலிருந்து மாங்காய் ஊறுகாய் வந்தது. அதற்கு மறுநாள் ஃபேக்டரி டிரைவர் ஆனைமலைச் சந்தையிலிருந்து ஒரு பையே கொண்டுவந்து போட்டார். அம்மையார் ஒவ்வொன்றையும் கையில் எடுத்து மோந்து பார்த்துவிட்டு மரியாதையாகத் திருப்பி வைத்தார். அவர் பாஷையில் அந்தச் சொல்லுக்குக் குறைகிறது, இல்லாமல் இருக்கிறது என்றுதான் அர்த்தம், சூப்பில் ஏதோ குறைகிறது என்கிறார் என்று ஜெபமாலை வீடு வீடாகப் போய்ச் சொல்ல வேண்டியதாயிற்று. சொன்ன பிறகு மாங்காய் வருவது நின்றது, சொல் மட்டும் எஸ்டேட்டில் தங்கிவிட்டது. காலைப் பிரட்டில் ஆள் கணக்கெடுக்கப் பேர் கூப்பிடும்போது வராத ஆளுக்கு மாங்கா என்றார்கள். குழம்பில் உப்பில்லாவிட்டால் மாங்கா. பேரும் அப்படித்தான், ஒத்தாவியா என்பது யார் வாயிலும் நுழையாமல் தாவியா ஆகி, மூன்றாம் வாரத்தில் தாவியம்மாவாகி நின்றது.

வெளியாள் மூன்று நாளுக்கு மேல் தங்கினால் ஆபீஸில் பதிய வேண்டும் என்பது எஸ்டேட் விதி. கிளார்க் தங்கப்பழம் பெரிய நோட்டைத் தூக்கிக்கொண்டு நேரிலேயே வந்து, பேர், ஊர், வயது எல்லாம் எழுதி, இறந்த தேதிக்குத் தனிக் கட்டம் இல்லாததால் கொஞ்சம் யோசித்து, குறிப்பு என்ற இடத்தில் 'காலமாகி வந்தவர்' என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனார். பங்குச்சாமியார் லூர்துராஜுக்கு வேறு சிக்கல். ஆத்துமா இளைப்பாறப் பூசை வைப்பதா, முன் பெஞ்சில் இடம் கொடுப்பதா என்று இரண்டு நாள் அவருக்குத் தெளியவில்லை. கடைசியில் இரண்டையும் செய்தார். தனக்காக வைத்த பூசையைத் தாவியம்மா முன் பெஞ்சில் உட்கார்ந்து முழுக்கக் கண்டு, வெளியே வந்து, பாட்டு நன்றாக இருந்தது, பிரசங்கம் நீளம் என்று சொன்னார். ஜெபமாலை அதில் முன்பாதியை மட்டும் சாமியாருக்குத் தமிழில் சொன்னாள்.

அட்டை விஷயம் தெரிந்தது நாலாம் வாரத்தில். மழைக்காலத்தில் அந்த மலையில் அட்டை கடிக்காத கால் கிடையாது. சோப்பைத் தேய்த்தாலும் மூக்குப்பொடியைத் தடவினாலும் கொழுந்தெடுக்கிற பெண்கள் மத்தியானம் இடுப்பில் சுற்றிக் கட்டிய படங்குச் சாக்கை அவிழ்க்கும்போது கெண்டைக்காலில் ரத்தம் வழிந்துகொண்டுதான் இருக்கும். தாவியம்மா நடந்த வழியில் மட்டும் அட்டைகள் புல் நுனியில் எழுந்து நின்று, தேடி, எதுவும் இல்லை என்று தெரிந்து திரும்பிப் போயின. அவரில் குடிக்க ஒன்றும் இல்லை. இதைச் செங்கமலம் கண்டு சொன்ன மறுநாளே பெண்கள் பிளாஸ்டிக் நாற்காலியோடு அவரைக் காட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய், தேயிலை நடுவே உட்காரவைத்து, ஒரு குடையைக் கையில் கொடுத்துவிட்டு, சுற்றிப் பத்து வரிசைக்குக் காலில் ஒரு சொட்டு ரத்தம் இல்லாமல் கொழுந்தெடுத்தார்கள். அவர் அவர்களுடைய விரல்கள் ஓடுகிற வேகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். தேநீர் வேளையில் அவருக்கும் ஒரு டம்ளர் கொடுப்பார்கள். அவர் வாங்கிக் கையைச் சூடு பண்ணிக்கொண்டு திருப்பிக் கொடுப்பார். யாருக்கும் யார் பாஷையும் தெரியாது, ஆனாலும் பேச்சு நடந்தது.

ஞாயிறு வந்தால் சூப். அது ஒரு வழக்கமாகவே ஆகிவிட்டது. என்ன குறைகிறது என்று கண்டுபிடிப்பது ஜெபமாலை வீட்டு வேலை என்பது போய் எஸ்டேட் வேலையாயிற்று. ஒரு வாரம் கபூர் பாய் மஜ்ஜை நிறைந்த எலும்பாகப் பார்த்துத் தனியே எடுத்து வைத்திருந்து கொடுத்தார். ஒரு வாரம் தங்கப்பழம் கோயம்புத்தூருக்குப் போன இடத்தில் அசல் செலரியே ஒரு கட்டு வாங்கி வந்தார். சாமியார் பூசைக்கு வைத்திருக்கும் வைனில், மந்திரிக்காத பாட்டிலிலிருந்து, கால் டம்ளர் கொடுத்தனுப்பினார். செங்கமலம் தான் வாயில் வைக்காத சூப்புக்குத் தன் தோட்டத்து பீன்ஸைப் பறித்துக் கொண்டுவந்து காம்பு கிள்ளிக் கொடுத்தாள். சூப் வாரத்துக்கு வாரம் ஏறிக்கொண்டே போனது. லைனில் கறி சாப்பிடுகிறவர்கள் எல்லாரும் தூக்குப் பாத்திரத்தோடு வந்து வாங்கிப் போனார்கள். தாவியம்மா மட்டும் நாலு வாய் சாப்பிட்டு, ஸ்பூனைக் கவிழ்த்து, அதையே சொன்னார்.

பிரின்சி அந்தப் பக்கமே வரவில்லை. ஞாயிறு மத்தியானம் சோற்றையும் அப்பளத்தையும் தட்டில் போட்டுக்கொண்டு முன்னறைக்குப் போய்விடுவாள். தாவியம்மாவைக் குறை சொன்னதும் கிடையாது, ஏறிட்டுப் பார்த்ததும் கிடையாது. ஒரே ஒரு தரம், அம்மா அடுப்படியில் அந்தக் கிழவிக்கு நகம் வெட்டிக்கொண்டிருப்பதைத் தாண்டிப் போனபோது, இங்கேயுமா என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். அது ஜெபமாலையின் காதில் விழுந்தது.

ஏழாவது ஞாயிறன்று பிரின்சி அடுப்படி வாசலில் வந்து நின்று, ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்துவிட்டது, அடுத்த வாரம் திங்கட்கிழமை கிளம்ப வேண்டும் என்று அப்பாவைப் பார்த்துச் சொன்னாள். சூசை நல்லதும்மா என்றார். ஜெபமாலை கையில் இருந்த கரண்டியை எங்கே வைப்பது என்று தெரியாமல் சட்டிக்கு மேலேயே பிடித்துக்கொண்டு நின்றாள். ஒன்பது வருஷம் விட்டுப் போய்ப் பன்னிரண்டு வாரம் முடியவில்லை, இன்னும் எட்டு நாள்தான் இருக்கிறது. அப்போது தாவியம்மா ஸ்பூனைக் கவிழ்த்து வைத்து, "மாங்கா" என்றார்.

பிரின்சி திரும்பினாள். முதல் தடவையாக அவரை நேராகப் பார்த்தாள்.

"ஏழு வாரமா எல்லாரும் இதுக்காக ஓடுறாங்க. என்ன குறையுதுன்னு அவங்ககிட்டயே கேளுங்க. நான் கேட்டேன்னு கேளுங்க."

ஜெபமாலை கேட்டாள். தாவியம்மா பதில் சொல்லிவிட்டு, காலியாகக் கிடந்த நாலாவது நாற்காலியைக் காட்டினார்.

"சூப்பு முதல் நாளே சரியாத்தான் இருந்துச்சாம்," என்றாள் ஜெபமாலை. "நீ வந்து உக்காரலைங்கிறாங்க."

பிரின்சி சிரித்தாள், அது சிரிப்பாக இல்லை. பிறகு பேச ஆரம்பித்தாள். குரல் உயரவில்லை. ஆஸ்பத்திரியில் பதினெட்டு நாள் கிடந்தேன், அப்போது யார் குறைந்தார்கள் என்று கேளுங்கள். பக்கத்துக் கட்டில் பிள்ளையின் அம்மாதான் எனக்கும் சேர்த்து உடம்பு துடைத்துவிட்டாள், அவள் பேர்கூட எனக்குத் தெரியாது. முடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது, அப்பா சீவத் தெரியாமல் சீப்பை வைத்துக்கொண்டு அழுதார். அப்போது எங்கள் அம்மா உங்கள் தலையைச் சீவிக்கொண்டிருந்தாள். இதையெல்லாம் சொல்லிவிட்டு, "ஒரு வார்த்தை விடாமச் சொல்லுங்க. நல்லா இருக்கிற மாதிரி மாத்திச் சொல்லாதீங்க" என்றாள்.

ஒன்பது வருஷமும் அதன் பிறகு ஏழு வாரமும் யார் சொன்னதையும் யாருக்கும் வலிக்காத மாதிரி வழித்துத் துடைத்துக் கொடுத்தே பழகிய ஜெபமாலை, அன்று ஒன்றையும் துடைக்காமல் அப்படியே இத்தாலி பாஷையில் சொன்னாள். தாவியம்மா கைகளை மடியில் சேர்த்து வைத்துக்கொண்டு, பிரின்சியைப் பார்த்தபடியே, நிறுத்தி நிறுத்திப் பேசினார். ஜெபமாலை தரையைப் பார்த்துக்கொண்டு வாக்கியம் வாக்கியமாகத் தமிழில் சொன்னாள்.

"அன்னைக்குக் காலைல உங்கம்மா பெட்டி வாசல்ல இருந்துச்சுங்கிறாங்க. டாக்ஸி வர இன்னும் அரை மணி இருந்துச்சாம்."

தாவியம்மா அடுத்ததைச் சொன்னார். ஜெபமாலை வாயைத் திறந்தாள், மூடிக்கொண்டாள்.

"என்ன சொல்றாங்க?" என்றாள் பிரின்சி.

சட்டி முணுமுணுத்துக்கொண்டிருந்தது. சூசை எழுந்து அடுப்பை அணைத்தார்.

"என்ன சொல்றாங்க, சொல்லும்மா."

"நான் விழலைங்கிறாங்க," என்றாள் ஜெபமாலை. அவள் குரல் யாரோ படிக்கக் கொடுத்த காகிதத்தைப் படிக்கிற மாதிரி இருந்தது. "பாத்ரூம் கதவுகிட்ட மெதுவா உக்காந்து, அப்புறம் படுத்துக்கிட்டேன்ங்கிறாங்க. தரை சில்லுன்னு இருந்துச்சாம். நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு உங்கம்மா பேரைச் சொல்லிக் கத்துனேன், வலி எதுவும் இல்லைங்கிறாங்க. உங்கம்மா போனா திரும்ப வர மாட்டான்னு தெரியுமாம். அந்தப் பிள்ளைக்கு அப்பன் இருக்கான், எனக்கு இவ மட்டும்தான இருக்கான்னு நெனச்சேன்ங்கிறாங்க."

மொழிபெயர்த்து முடித்த பிறகுதான் அது அவளுக்கும் சொல்லப்பட்டது என்பது அவளுக்கு உறைத்தது. அன்று ஜெனோவா ஆஸ்பத்திரியில் டாக்டர் இந்த அம்மாவுக்குக் குதிரையின் இருதயம், ஒன்றும் இல்லை என்று சொன்னதும், தாவியம்மா ஜெபமாலையின் கையை இறுகப் பிடித்துக்கொண்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டதும், அவளுக்கு எப்போதும் ஞாபகம் இருந்தவைதான். இரண்டையும் சேர்த்துப் பார்க்க அவள் துணியவில்லை, அவ்வளவுதான். அவள் எழுந்து தாவியம்மா முன்னால் இருந்த கிண்ணத்தை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய், மிச்சமிருந்த சூப்பை மழைத்தண்ணீர் ஓடுகிற வாய்க்காலில் கொட்டினாள். ஒரு கவளம் வீணாக்கியறியாதவள், கறித்துண்டுகள் தண்ணீரோடு போவதை நின்று பார்த்தாள். பிறகு பின்பக்கம் போய்த் துணி துவைக்கிற கல்லில் உட்கார்ந்துகொண்டாள்.

கொஞ்ச நேரம் கழித்துப் பிரின்சி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அணைத்துக்கொள்ளவில்லை, கண்ணீர் துடைக்கவில்லை. அன்று போனில் நீ சொன்னதை நான் நம்பவே இல்லை, வர மனசில்லாமல் கதை சொல்கிறாய் என்றுதான் நினைத்தேன், கதை சொன்னது வேற ஆள் என்றாள். ஜெபமாலை, இதுவரை சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில்கூடச் சொல்லாத ஒன்றைச் சொன்னாள். அந்த ஊர் ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து உங்கள் இரண்டு பேருக்காகவும் ஜெபம் பண்ணினேன். முதலில் அவங்க பேரைத்தான் சொன்னேன், அவங்கதான் கண் முன்னால் கிடந்தாங்க. உன் பேரை இரண்டாவதாகச் சொன்னேன்.

"சரி," என்றாள் பிரின்சி. பிறகு, "சொன்னியே" என்றாள்.

அடுத்த எட்டு நாளும் ஜெபமாலை தாவியம்மாவுக்கு வேளைக்குச் சாப்பாடு வைத்தாள், படுக்கையை விரித்தாள். பேசவில்லை. அவர் பேசினால் தமிழில் சொல்லவும் இல்லை. அந்த வீட்டில் தாவியம்மா ஊமையாகிப் போனார். செய்தி எப்படியோ லைன் முழுக்கப் பரவியது. எஸ்டேட் இரண்டாகப் பிரிந்தது. சாகப் போகிற காலத்தில் தனியாகக் கிடக்கிற பயம் கிடந்தால்தான் தெரியும் என்றார்கள் சிலர், அதற்காகப் பிள்ளை சாகக் கிடக்கும்போதா என்றார்கள் மற்றவர்கள். செங்கமலம், தன் மாமியாரைப் பதினோரு வருஷம் பார்த்துக்கொண்டவள், இரண்டு பக்கமும் சேராமல் பீன்ஸுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். ஆனால் யாரும் பேசி வைத்துக்கொள்ளாமலே ஒன்று நடந்தது. திங்கட்கிழமை காலையில் பெண்கள் தாவியம்மாவைக் காட்டுக்குக் கூட்டிப் போக வரவில்லை. ஜெபமாலை வாய் திறக்கிறவரை அவரால் வருகிற நன்மை தங்களுக்கு வேண்டாம் என்று இருந்தார்கள் போல. அந்த வாரம் முழுக்க மறுபடி கெண்டைக்காலில் ரத்தம் வழிய வீடு திரும்பினார்கள், ஒருத்தியும் முகம் சுளிக்கவில்லை.

சாமியார் வந்து மன்னிப்பைப் பற்றி மெதுவாக எடுத்தார். சாமி, நீங்க மன்னிச்சுக்குங்க, எனக்கு வேலை இருக்கு என்றாள் ஜெபமாலை. சூசை ஒரு நாள் ஷிஃப்டுக்குப் போகிற வழியில் நின்று, அந்தப் பதினெட்டு நாளும் உன்னை மனசுக்குள் திட்டாத திட்டில்லை என்று சொல்லிவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் போனார். பிரின்சி ஓசூருக்கு என்ன எடுத்துப் போகலாம், எதை விடலாம் என்று அம்மாவைக் கேட்டுப் பெட்டி அடுக்கினாள். அடுக்கியதைப் பிரித்து இரண்டு தரம் மறுபடி அடுக்கினார்கள். பேச்சு அப்படித்தான் வந்தது, துணிகளுக்கு நடுவில், ஒவ்வொரு துணியாக.

எட்டாம் ஞாயிறன்று, போகிறதுக்கு முன்னால் அந்தச் சூப்பை ஒரு தரம் சாப்பிட்டுப் போகிறேன் என்று பிரின்சிதான் கேட்டாள். செலரியும் வைனும் இல்லை, சீஸ் தோல் எப்போதோ தீர்ந்துவிட்டது. இருக்கிறதை வைத்து ஜெபமாலை மூன்று மணி நேரம் அடுப்பைத் தணித்து வைத்துப் பக்கத்திலேயே நின்றாள். நாலு கிண்ணம் எடுத்தாள். நாலாவது கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்சம் நின்றுவிட்டு, அதிலும் ஊற்றினாள். நாலு பேரும் சாப்பிட்டார்கள். பிரின்சி மக்ரோனியை ஒதுக்கிவிட்டு முதலில் கறியைச் சாப்பிட்டாள். தாவியம்மா பேக்கரி பன்னைப் பிய்த்துக் கிண்ணத்தின் அடி வரைக்கும் துடைத்துச் சாப்பிட்டார். எதுவும் சொல்லவில்லை, யாரும் எதுவும் கேட்கவில்லை.

மறுநாள் காலை பத்து மணிக்குப் பிரின்சியின் பெட்டியைத் தூக்கிக்கொண்டு சூசையும் ஜெபமாலையும் ஸ்டாப்புக்கு ஏறினார்கள். பாதிப் படியில் பின்னால் கைத்தடிச் சத்தம் கேட்டது. தாவியம்மா கோட்டைத் தானே எடுத்து மாட்டி, பட்டனையெல்லாம் ஒன்று மாற்றி ஒன்றாகப் போட்டுக்கொண்டு வந்துகொண்டிருந்தார். பஸ் வந்தது. பெட்டி ஏறியது, பிரின்சி ஏறினாள். பஸ் படி உயரம். தாவியம்மா, ஒன்பது வருஷமும் ஏறுகிற இடத்திலும் இறங்குகிற இடத்திலும் செய்த மாதிரி, திரும்பிப் பார்க்காமலே இடது கையை ஜெபமாலை பக்கம் நீட்டினார். ஜெபமாலையின் கை எழுந்தது. எழுந்த கை பாதியில் நின்று, தன் சேலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டது.

நீட்டிய கை நீட்டியபடி இருந்தது. கண்டக்டர் விசிலை வாயில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். உள்ளே இருந்து பிரின்சி இரண்டு படி இறங்கி வந்து, முழங்கைக்கு அடியில் கை கொடுத்து, "ஏறுங்க" என்று அவரைத் தூக்கிக்கொண்டாள். பிழிந்து போட்ட துண்டின் கனம்கூட இல்லை என்று பிறகு சொன்னாள். தாவியம்மா ஜன்னல் சீட்டில் உட்கார்ந்து, கண்ணாடியை இறக்கி, ஜெபமாலையைப் பார்த்து நாலைந்து சொல் சொன்னார். என்ஜின் சத்தத்தில் சூசைக்கு ஒன்றும் கேட்கவில்லை. பஸ் திரும்பி மறைந்தது.

பதினொன்றே முக்காலுக்குப் பிரின்சி போன் பண்ணினாள். ஒன்பதாவது வளைவில், கீழே ஆழியாறு அணை முழுசாகத் தெரிகிற இடத்தில், என்ஜின் சூடு ஆறப் பஸ் நின்றது. தாவியம்மா தண்ணீரை வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு இறங்க வேண்டும் என்று கையைக் காட்டினார். பட்டனையெல்லாம் கழற்றிச் சரியாகப் போட்டுவிட்டுத்தான் இறக்கிவிட்டேன், குளிருமில்லையா என்றாள். ரோட்டோரம் வரையாடுகள் மேய்ந்துகொண்டிருந்தன. அவர் நடுவில் புகுந்து நடந்தபோது ஒன்றுகூடத் தலை தூக்கவில்லை. அப்புறம் சரிவில் மேகம் ஏறிவிட்டது.

ஜெபமாலை அடுப்படிக்குப் போனாள். சட்டியில் நேற்றைய சூப் கால்வாசி கிடந்தது. நாலு பச்சைமிளகாயையும் ஒரு பிடி மிளகையும் ஆறு பல் பூண்டையும் அம்மியில் வைத்துத் தட்டி, கடுகும் கறிவேப்பிலையும் தாளித்து, எல்லாவற்றையும் சட்டியில் கொட்டிச் சூடு பண்ணினாள். இத்தனை வருஷத்தில் அந்தச் சூப்பில் அவள் தன் வாய்க்கென்று போட்ட சாமான் அதுதான். சோற்றில் ஊற்றி இரண்டு பேரும் சாப்பிட்டார்கள். மூக்கிலிருந்தும் கண்ணிலிருந்தும் நீர் வடிந்தது, துடைத்துக்கொண்டு சாப்பிட்டார்கள்.

"ஜன்னல்ல இருந்து என்ன சொன்னாங்க?" என்றார் சூசை.

"மன்னிப்புக் கேட்டாங்க."

"நீ என்ன சொன்ன?"

ஜெபமாலை சட்டியைச் சாய்த்துக் கடைசிக் கரண்டியை வழித்து அவர் தட்டில் ஊற்றினாள்.

"பஸ் எடுத்துட்டான்," என்றாள். "இன்னொரு தரம் வந்தாங்கன்னா சொல்லிக்கலாம்."